குடோனில் பேசிய நான்கு நிமிடம்

காலை பதினொன்றே கால். கடையில் மூன்று பேர். ஃபோனில் பொற்கொடி.

இப்படித்தான் தம்பி, போலீசில் எழுதிக் கொடுத்தேன். எஸ்.ஐ. அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "ஃபோன்ல பொற்கொடின்னு எழுதாதீங்க சார். பொற்கொடி மாதிரி ஒரு குரல்னு எழுதுங்க" என்றார். அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. மாதிரி என்ற வார்த்தையை எங்கே போடுவது என்று தெரியவில்லை.

உட்காருங்கள். பெயின்ட் டின் மேல் வேண்டாம், அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சங்கத்தில் கூட்டம் போடுகிறீர்கள். குரலைக் காப்பியடித்து ஏமாற்றுகிறவர்களிடமிருந்து குடும்பத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று அண்ணாச்சி வந்து பத்து நிமிடம் பேச வேண்டும். அதுதானே? பேசலாம். நான் மேடை ஏறாத ஆள் இல்லை. வியாபாரிகள் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தவன். ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முதலில் ஒருவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். நீங்கள் அருப்புக்கோட்டைக்குப் புதிது. பழசு எதுவும் உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் சொன்னால் நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். யார் கேட்டாலும் ஒரே பையன் என்றுதான் சொல்வேன். கதிரேசன், நீங்கள் பார்த்திருப்பீர்கள், கல்லாவில் உட்காருவானே. அவனுக்கு மூத்தவள் பொற்கொடி. எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். படித்த இடத்தில் ஒரு பையனைப் பார்த்து, நம் ஆட்கள் இல்லை, கோயம்புத்தூரில் பதிவு பண்ணிக்கொண்டாள். அதற்கு முன்னால் இங்கே வந்து, இந்தக் கடை வாசலில் நின்று, அப்பா என்று கூப்பிட்டாள். நான் அப்போது பேசியதை இப்போது எதற்கு? கோபத்தில் எந்தத் தகப்பனும் பேசுவதுதான்.

அன்று மத்தியானமே வீட்டில் எல்லோரையும் தலை முழுகச் சொன்னேன். செத்துப்போனவர்களுக்கு முழுகுவோமே, அதேபோல. நான், கதிரேசன், என் வீட்டுக்காரி செல்வக்கனி. முழுகியாயிற்று, முடிந்தது. அதற்குப் பிறகு அவள் பெயர் வீட்டில் எடுக்கக் கூடாது என்றேன். யாரும் எடுக்கவில்லை. ஏழு வருடம் ஒருவர் வாயிலும் வரவில்லை. என் பேச்சுக்கு வீட்டில் அவ்வளவு மதிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மார்ச் மாதத்துக்கு வருகிறேன்.

ஃபோன் அடித்தது. புது நம்பர். கடைக்காரனுக்குப் புது நம்பர்தான் வரும், எடுத்தேன். "அப்பா, நான் பொற்கொடி பேசுறேன்." எதிரில் ஒரு கொத்தனார், ஒரு பிளம்பர், பைப் வாங்க வந்த ஒரு அம்மா. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ராங் நம்பருங்க" என்றேன். சொன்னேன், ஆனால் வைக்கவில்லை. காதில் வைத்தபடியே பின்னால் குடோனுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த அம்மா அரை இஞ்ச் எல்போவைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இதுக்கு எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. யார் பதில் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

குடோனுக்குள் போனதும் அழுகை. "அப்பா, பயமா இருக்குப்பா." ஸ்கூட்டரில் போகும்போது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை இடித்துவிட்டாளாம், ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்களாம். அப்புறம் ஒரு ஆள் வாங்கிப் பேசினான். வக்கீல் என்றான். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. பிள்ளையின் வீட்டார் சமாதானத்துக்குத் தயார், எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்னால் பணம் வந்தால் பொண்ணு வீட்டுக்குப் போய்விடலாம், போட்டுவிட்டால் டீச்சர் வேலை போய்விடும் என்றான். "யார்கிட்டயும் சொல்ல வேண்டாம் ஐயா" என்றான்.

யாரிடம் சொல்வேன்?

இதைத்தான் எஸ்.ஐ. அம்மா பின்னால் சொன்னார். "மத்த வீட்டுல இவங்க அரை மணி நேரம் கஷ்டப்படுவாங்க சார். ஃபோனை வைக்காதீங்க, பக்கத்துல யாரு இருக்காங்க, வீட்டுல சொன்னீங்கன்னா பொண்ணுக்குத்தான் ஆபத்துன்னு மிரட்டி மிரட்டித்தான் வாயை அடைப்பாங்க. உங்க வீட்டுல அந்த வேலை அவங்களுக்கு மிச்சம்." சின்ன வயசு அம்மா. சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது கோபப்பட்டிருப்பேன்.

அவள் நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கூட்டத்தில் முதலில் அதைத்தான் சொல்லப் போகிறேன். அழுகிற ஃபோன் வந்தால் வைத்துவிடுங்கள், உங்களிடம் இருக்கிற பழைய நம்பருக்குத் திரும்ப அடியுங்கள். நல்ல யோசனை. அவள் நம்பரை முழுகின அன்றைக்கே அழித்துவிட்டேன்.

பாங்குக்குப் போனேன். கவுன்ட்டர் பக்கத்திலேயே இந்த மாதிரி மோசடி பற்றிப் பெரிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே நின்றுதான் சலான் நிரப்பினேன். அங்கே இருந்த பெண், "அண்ணாச்சி, அவசரமா அனுப்புறீங்க, யாருக்கு? தெரிஞ்சவங்கதானே?" என்று கேட்டது. கேட்க வேண்டியதைக் கேட்டது. "கோயம்புத்தூர் பார்ட்டி, பைப் லோடு" என்றேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. மூன்று லட்சத்து நாற்பதாயிரம். தொகையைச் சொல்லிவிட்டேன், இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம். பணம் போனது எனக்குப் பெரிதில்லை. நிஜமாகவே இல்லை.

குரல் வித்தியாசம் தெரியவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கதிரேசன் கேட்டான், பாங்க் மேனேஜர் கேட்டார், டீக்கடைக்காரர்கூடக் கேட்டார். எப்படித் தெரியும்? இதை மேடையில் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்கிறேன். ஏழு வருடமாக நான் கேட்டது அவள் பாடக் குரலைத்தான்.

யூடியூபில் பாடம் நடத்துகிறாள். 'பொற்கொடி டீச்சர்' என்று பெயர். பத்தாம் வகுப்பு அறிவியல். ஒரு நாள் சுவிட்ச் போர்டு மாட்டுவதைத் தேடும்போது தானாக வந்து நின்றது. மின்னோட்டம், மின்தடை என்று பாடம். நல்ல சேலை, நெற்றியில் சின்னப் பொட்டு. கொஞ்சம் மெலிந்திருந்தாள். அப்புறம் சரக்குச் சரிபார்க்கிறேன் என்று குடோனுக்குப் போய் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்பேன். அமிலங்கள், காரங்கள், ஒளி விலகல், எல்லாம் கேட்டேன். இன்று எனக்குப் பரீட்சை வைத்தாலும் பாஸ் பண்ணிவிடுவேன்.

அந்த மின்தடைப் பாடத்தில் ஒரு இடத்தில் சொல்கிறாள்: "எங்க அப்பா அருப்புக்கோட்டையில ஹார்டுவேர் கடை வச்சிருக்காங்க. ஒயரைத் தொட்டுப் பாத்தே இது எத்தனை ஆம்பியர் தாங்கும்னு சொல்லிருவாங்க." தப்பு. தொட்டுப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்துத்தான் சொல்வேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் சரியாகச் சொல்ல வேண்டாமா? அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், தப்பாகச் சொல்லியிருக்கிறாளே என்று.

திருடனும் அந்தப் பாடங்களிலிருந்துதான் குரலை எடுத்திருக்கிறான். கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரப் பேச்சைப் போட்டால் போதுமாம், அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேசுமாம், அழச் சொன்னால் அழுமாம். நான் எடுத்ததும் அங்கேதான், அவன் எடுத்ததும் அங்கேதான். அப்புறம் எப்படி எனக்கு வித்தியாசம் தெரியும்?

என் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று எஸ்.ஐ. அம்மா தேடினார். தேடி, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "சார், இது நீங்க போட்டதா?" அந்த மின்தடைப் பாடத்துக்குக் கீழே பிள்ளைகள் கருத்து எழுதுவார்கள் இல்லையா, தேங்க்யூ மிஸ், சூப்பர் மிஸ் என்று. அதற்கு நடுவில் ஒன்று: 'பாடம் தெளிவாக உள்ளது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இவண், பா. குருநாதன், குருநாதன் ஹார்டுவேர்ஸ், மதுரை ரோடு, அருப்புக்கோட்டை.' கீழே செல் நம்பர்.

நாற்பது வருடமாகக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிய கை, தம்பி. எதை எழுதினாலும் கீழே பெயர், கடை, நம்பர் போட்டால்தான் முடித்த மாதிரி இருக்கும். "ஊரு உலகம் பாக்குற இடத்துல யாராவது நம்பர் போடுவாங்களாப்பா?" என்று கதிரேசன் தலையில் கைவைத்துக்கொண்டான். கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன் என்றேன். எஸ்.ஐ. அம்மா, "உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்னு போட்டிருக்கீங்களே சார்" என்றார். அந்தக் கருத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயம் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். பாடம் போட்டவர் பார்த்துவிட்டார், பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம். போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது.

முன்னுக்குப் பின்னாகச் சொல்கிறேன். ஏமாந்தது எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும்.

பாங்கிலிருந்து நேராக வீட்டுக்குப் போனேன். கடைக்குப் போக முடியவில்லை. 'பணம் வந்துவிட்டது, பொண்ணு அரை மணி நேரத்தில் பேசும்' என்று வக்கீல் சொல்லியிருந்தான். ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். நான் வந்தது செல்வக்கனிக்குத் தெரியாது. அடுப்படியில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மிக்சி நின்றது. உள்ளேயிருந்து பொற்கொடி பேசினாள்.

"அம்மா, சோத்தைப் பாத்தாலே குமட்டுது. அந்த நார்த்தங்காய் ஊறுகாயைக் கதிர்கிட்ட குடுத்து விடு. போன தடவை மாதிரி ஒரு கரண்டி குடுத்து விடாத, பாட்டிலோட குடு."

செல்வக்கனி சிரிக்கிறாள். "உங்க அப்பாவுக்கு மோர்சோத்துக்கு நான் எதை வைக்கிறதாம்? நேத்தே பாட்டில் ஏன் குறையுதுன்னு கேட்டாங்க."

கேட்டேன்தான். எலியா திங்குது என்று கேட்டிருந்தேன்.

அடுப்படி வாசலில் போய் நின்றேன். ஃபோனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஸ்டேஷன்ல இருந்து எப்ப விட்டாங்க?" என்று கேட்டேன்.

"யாரை? எந்த ஸ்டேஷன்?"

"காலையில பதினொரு மணிக்கு அவ எங்க இருந்தா?"

"என்கிட்டதான் பேசிக்கிட்டு இருந்தா" என்றாள். "பதினொரு மணிக்கு அவளுக்கு இடைவேளை. தினமும் அந்த நேரத்துக்கும் பேசுவா, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கும் பேசுவா."

தினமும். அந்த வார்த்தையைக் கேட்டபோது பணம் போனது எனக்கு நினைப்பிலேயே இல்லை. நான் குடோனில் நின்று கொண்டிருந்த அதே நேரத்தில் அவள் இங்கே மாவு டப்பாவில் இருந்திருக்கிறாள். ஒரே ஒரு வார்த்தை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் போதும். கூட்டத்தில் இரண்டாவதாக அதைச் சொல்வேன்: வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள், உடனே சொல்லுங்கள்.

"ஏழு வருஷமாவா?" என்றேன்.

"ஏழு வருஷமாத்தான்."

"தலை முழுகினமே செல்வக்கனி."

"நீங்க முழுகினீங்க. நான் ஈரத் துண்டைத் தலையில சுத்திக்கிட்டு வந்தேன். நீங்க கிட்ட வந்து பாக்கலை."

கதிரேசனும்தான். ஊறுகாய் கொண்டுபோகிறவன் அவன். மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்று கோயம்புத்தூர் போய் வந்திருக்கிறான். அவர்கள் மூன்று பேரும் குரல் மோசடி பற்றிச் செய்தியில் பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ள ஒரு ரகசியக் கேள்விகூட வைத்திருக்கிறார்கள். அவளுடைய முதல் சைக்கிள் என்ன நிறம் என்பது கேள்வி. பதில் நீலம் கிடையாது, ஊதா. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுத்தவனுக்குக் கேள்வியும் தெரியாது, பதிலும் தேவையில்லை. திருடன் ஒரு நாள் ஏமாற்றினான். இவர்கள் ஏழு வருடம் ஏமாற்றியிருக்கிறார்கள். இதை நான் எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது?

அன்று மாலையே கதிரேசன் என்னை சைபர் கிரைமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பணத்தை நிறுத்தி வைத்திருக்கலாம் என்றார்கள். அதுவும் கூட்டத்தில் சொல்ல வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள்: ஏமாந்தது தெரிந்த உடனே 1930 என்ற போலீஸ் நம்பருக்கு அடிக்க வேண்டும், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. நான் மத்தியானம் பூராவும் செல்வக்கனியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

என் ஃபோனில் எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகும். அது வியாபாரத்துக்காக. ஐவரி கலர் என்று ஃபோனில் சொல்லிவிட்டு, நான் வெள்ளை என்றல்லவா சொன்னேன் என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்காகக் கதிரேசன் செய்துவைத்தது. எஸ்.ஐ. அம்மா, "பதிவு இருக்கா? நல்லதாப் போச்சு" என்று வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். காதில் வைத்துக் கேட்டிருக்கலாம். ஸ்பீக்கரில் போட்டார்.

நான்கு நிமிடம். அவள் பேசியது, அதாவது அந்தக் குரல் பேசியது, கொஞ்சம்தான். வக்கீல் பேசியது போக மிச்சமெல்லாம் நான். நான் ஏதோ சொன்னேன், அவ்வளவுதான் எனக்கு நினைவு இருந்தது. பிள்ளை அழும்போது என்ன சொல்வோம், அழாதே என்போம். அது மட்டும் இல்லை போலிருக்கிறது.

"அழாத தாயி, அப்பா இருக்கேன்ல" என்று அதில் நான் சொல்கிறேன்.

"அப்பா, பயமா இருக்குப்பா" என்கிறது குரல்.

"நான் அன்னைக்கு வாசல்ல வச்சு உன்னைப் பேசினது பேச்சே இல்ல தாயி. அது எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

"அப்பா, பயமா இருக்குப்பா."

"மாப்பிள்ளை எங்க? மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? பணத்தைப் பத்தி நீ ரோசிக்காத. இது முடிஞ்ச உடனே ரெண்டு பேரும் நேரா நம்ம வீட்டுக்கு வாங்க. எவன் என்ன சொல்றான்னு நான் பாத்துக்கிறேன்."

"அப்பா, பயமா இருக்குப்பா."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை மூடிவிட்டார். எஸ்.ஐ. அம்மா பாதியில் நிறுத்தவில்லை, முழுக்கப் போட்டார். முடிந்ததும் சொன்னார், "கவனிச்சீங்களா சார்? ஆக்சிடென்ட் கதையைச் சொன்னதுக்கு அப்புறம் அது திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லுது. நீங்க பேசின ஒண்ணுக்குக்கூட அது பதில் சொல்லலை."

நான் கவனிக்கவில்லை. சுவரில் இருந்த ஃபேன் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய மாடல், இப்போது வருவதில்லை.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது கதிரேசன், "மாப்பிள்ளைன்னு சொன்னீங்கப்பா" என்றான். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். "இதை அக்காவுக்கு அனுப்பட்டுமா? நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். இது போதும் அவளுக்கு. ஏழு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கா."

"அது கேஸ்ல இருக்கிற சாட்சியம். கண்டபடி அனுப்பக் கூடாது" என்றேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"வண்டியை எடு" என்றேன்.

பேப்பரில் வந்தது. பெயர் போடவில்லை. 'அருப்புக்கோட்டையைச் சேர்ந்த ஹார்டுவேர் வியாபாரி, வயது 64' என்று போட்டிருந்தார்கள். இந்த ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற அறுபத்து நாலு வயதுக்காரன் எத்தனை பேர் இருப்பான்? மகள் குரலில் பேசிப் பணம் பறிப்பு என்று தலைப்பு. இல்லை, இல்லை என்று நான் சொல்லிவந்த மகளை, இருக்கிறாள் என்று காலையில் ஊர் முழுக்கப் படித்துவிட்டது. டீக்கடையில் நான் போனதும் பேச்சை நிறுத்தினார்கள். அதிலே ஒருவர், என் வயசுக்காரர், "பிள்ளை நல்லா இருக்குல்ல குருநாதன்?" என்று மட்டும் கேட்டார். நல்லாருக்கு என்றேன். வாயில் வந்துவிட்டது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை அரைநாள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். செல்வக்கனி ஃபோனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். ஸ்பீக்கரில் இருந்தது. "மாசமா இருக்கா. அவளாத்தான் உங்ககிட்டப் பேசணும்னா. பேசுங்க."

"அப்பா" என்றாள்.

கொஞ்சம் கரகரப்பு இருந்தது. பாடத்தில் அது இருக்காது. நான், "யாரு?" என்றேன்.

"நான்தாம்பா."

"நான்தான்னா? எனக்கு எப்படித் தெரியும்?"

செல்வக்கனி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. எஸ்.ஐ. அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். யார் பேசினாலும், எவ்வளவு தெரிந்த குரலாக இருந்தாலும், குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த கேள்வியைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள் என்று. அதைத்தானே செய்தேன்.

"முதல் சைக்கிள் என்ன நிறம்?"

"ஊதாப்பா."

அது அவர்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. வேறு கேட்டேன். "கடையில எங்க விழுந்து அடிபட்ட?"

"சிமென்ட் மூட்டை மேல ஏறி. இடது முழங்கை. நீங்க தூக்கிட்டு ஓடுனீங்க. ஒரு காலுக்குத்தான் செருப்பு போட்டிருந்தீங்க."

செருப்பு விஷயம் எனக்கே மறந்துபோயிருந்தது. "ஏழாம் வகுப்புல கணக்குல எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. அம்மாகிட்டச் சொல்லலை." பிறகு, "அன்னைக்குக் கடை வாசல்ல என்கிட்ட என்ன சொன்னீங்கன்னு கேளுங்கப்பா. அதுக்கும் பதில் தெரியும்" என்றாள்.

அதை நான் கேட்கவில்லை.

"அந்த மிஷின்கிட்ட ஏதோ சொன்னீங்களாமே" என்றாள். "கதிரு என்னன்னு சொல்ல மாட்டேங்கிறான். அப்பாகிட்டயே கேட்டுக்கோங்கிறான். எனக்குப் பணம் காசு எதுவும் வேண்டாம்பா. அதை என்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க."

"அது கேஸ்ல இருக்கு" என்றேன். "வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "சரிப்பா" என்றாள். நான் ஃபோனைச் செல்வக்கனியிடம் நீட்டி, "இந்தக் காலத்துல எல்லாத்தையும் கண்டுபிடிச்சு வச்சிருக்கான். எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் வருது" என்றேன். ஸ்பீக்கரில் இருந்ததால் அது அவளுக்கும் கேட்டிருக்கும். செல்வக்கனி ஃபோனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு அடுப்படிக்கு ஒரு கதவு இருப்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. எப்போதும் திறந்தே இருக்கும்.

நான் கேட்டது தப்பா, சொல்லுங்கள். ஒருமுறை சூடு பட்டவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா? வேறொரு தகப்பனாக இருந்தாலும் கேட்டிருப்பான். நீங்கள் அதற்கு எதுவும் சொல்ல வேண்டாம், காபி ஆறுகிறது பாருங்கள்.

கூட்டத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒன்று, வைத்துவிட்டுப் பழைய நம்பருக்குத் திரும்ப அடியுங்கள். இரண்டு, வீட்டில் சொல்லுங்கள். மூன்று, குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வி வைத்துக்கொண்டு, அதைக் கேளுங்கள். பதில் தப்பாக இருந்தால் உடனே வைத்துவிடுங்கள். பதில் சரியாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எஸ்.ஐ. அம்மா எனக்குச் சொல்லவில்லை. அதை நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் இருபத்து நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பொற்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. செல்வக்கனியும் கதிரேசனும் மத்தியான பஸ்ஸுக்குப் போனார்கள். மறுநாள் காலை நான் கடையைத் திறந்தேன்.